லித்தியம்-அயான் பேட்டரியை ஏற்றுவது, இறக்குவது, எடுத்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி பற்றி வரும் கேள்விகளைக் கவனித்தால் அவை இரண்டே வகைதான். பேட்டரி நீண்ட நாள் உழைக்க என்ன செய்வது என்பது ஒன்று. அது தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்வது என்பது இன்னொன்று. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். போனை 100% ஏற்றினால் ஆபத்து என்று பயந்து 80-லேயே பிடுங்கிவிடுபவர், உப்பிப்போன பழைய பேட்டரியை மேசை இழுப்பறையில் காகிதங்களுக்கு நடுவே வைத்திருப்பார். முதலாவது ஆயுள் சம்பந்தப்பட்டது. தவறினால் கொஞ்சம் கொள்ளளவு போகும், அவ்வளவுதான். இரண்டாவது தீ சம்பந்தப்பட்டது. கீழே வரும் பதில்களில் எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

இது தெரிந்தால் மற்ற பதில்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு செல்லுக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் பாய் போலச் சுருட்டியோ மடித்தோ வைக்கப்பட்டிருக்கும். ஒன்று, கிராஃபைட் பூசிய செம்புத் தகடு, அது எதிர்முனை. மற்றது, லித்தியம் கலந்த உலோகச் சேர்மம் பூசிய அலுமினியத் தகடு, அது நேர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். அந்தப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. எல்லாமே எளிதில் தீப்பற்றும் திரவத்தில் ஊறியிருக்கும். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, படலத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே போய் உட்காரும். நாம் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்பும்.

லித்தியம் இங்கே உலோகமாக இல்லை, அயனியாகத்தான் போய் வருகிறது. இதுதான் முக்கியம். ஆரம்பகால ஆய்வுகளில் எதிர்முனைக்கு லித்தியம் உலோகத்தையே பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறும்போதும் அந்த உலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து, படலத்தைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போனது. இரண்டு முனைகளும் உள்ளேயே தொட்டுக்கொண்டு தீப்பிடித்தது. 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ உலோகத்துக்குப் பதிலாகக் கார்பனை வைத்து அதற்கு முடிவு கட்டினார். 1991-இல் சோனி நிறுவனம் இந்த வகை பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எண்களில் சொன்னால், போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் சாதாரண வகை செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், கிட்டத்தட்ட 3 வோல்ட்டுக்கு வந்தால் காலி. சில புதிய போன்களில் உச்சம் இதைவிடச் சற்று அதிகம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகைக்கு உச்சம் 3.65 வோல்ட், காலி 2.5 வோல்ட். இந்த எல்லைகளுக்கு மேலேயும் கீழேயும் போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றின் வேலை. பல செல்கள் சேர்ந்த பேக்கில் அதைப் பி.எம்.எஸ். என்பார்கள்.

100% வரை ஏற்றலாமா, 80%-லேயே நிறுத்த வேண்டுமா?

ஏற்றலாம். இது முழுக்க முழுக்க ஆயுள் கேள்வி. திரையில் தெரியும் 100% என்பது தயாரிப்பாளர் அனுமதித்த உச்சம், அதனால் ஆபத்து எதுவும் கிடையாது. ஆனால் உச்சத்தில் இருக்கும் நேரம் கூடக்கூட உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கும். ஒரு செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றாமல் 4.1-லேயே நிறுத்தினால், அது தாங்கும் சார்ஜ் சுற்றுகளின் (முழு அளவுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று) எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு.

எனவே அன்றாடம் 80% போதும் என்றால் போனிலேயே இருக்கும் வரம்பு வசதியைப் போட்டுவிடுங்கள். பயணம் போகிற அன்று தாராளமாக 100% ஏற்றுங்கள். உச்சத்தைத் தொடுவதைவிட, உச்சத்திலேயே நாள் கணக்கில் கிடப்பதுதான் பேட்டரியைக் கெடுக்கிறது. எப்போதும் மின் இணைப்பிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு இந்த வரம்பு நிஜமாகவே பயன்படும்.

இரும்பு பாஸ்பேட் வகைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் அதன் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை மின்வண்டியால் சரியாகக் கணிக்க முடியாது. அவ்வப்போது 100% தொட்டால்தான் கணக்கு நேராகும், செல்களும் ஒன்றுக்கொன்று சமமாகும். அந்த வகை பேட்டரி உள்ள மின்வண்டிகளின் கையேட்டில் இதைத் தனியாகவே சொல்லியிருப்பார்கள்.

முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார்களே?

அது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. அந்த வகைக்கு ‘நினைவு’ என்ற கோளாறு இருந்தது. பாதியில் சார்ஜ் போட்டுப் போட்டுப் பழகினால் கொள்ளளவு குறைந்ததுபோல நடந்துகொள்ளும். லித்தியம்-அயானுக்கு அந்தத் தொல்லை இல்லை. சொல்லப்போனால் நிலைமை தலைகீழ். அடியாழம் வரை இறக்கி உச்சி வரை ஏற்றுவதைவிட, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கினால் அது அதிக நாள் வரும். 40-இலிருந்து 70 வரை ஏற்றினால் ஒரு முழுச் சுற்றாகக் கணக்கில் வராது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

ஒரே ஒரு காரணத்துக்காக எப்போதாவது முழுக்க இறக்கலாம். 30% என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கருவி திடீரென்று அணைந்தால், சதவீதம் காட்டும் கணக்கு பிசகியிருக்கலாம். ஒருமுறை தானாக அணையும் வரை பயன்படுத்திவிட்டு, இடையில் நிறுத்தாமல் முழுதாக ஏற்றினால் எண் சரியாகும். பேட்டரி குணமாகிவிடாது. அதற்குப் பிறகும் பாதியில் அணைகிறது என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

புதிதாக வாங்கியதை முதலில் 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். தொழிற்சாலையிலேயே அதற்கான முதல் சார்ஜ் சுற்று முடிந்துதான் வெளியே வருகிறது. வாங்கியதும் பயன்படுத்தலாம்.

இரவு முழுக்கச் சார்ஜில் விட்டால் அளவுக்கு மீறி ஏறிவிடாதா?

போன், லேப்டாப் என்றால் ஏறாது. உச்ச வோல்ட்டைத் தொட்டதும் மின்னோட்டம் மெல்லக் குறைந்து, கடைசியில் தானாகவே நின்றுவிடும். ஆயுளைப் பொறுத்தவரை, சில மணி நேரம் 100%-இல் கிடப்பது சிறு இழப்பு.

தீயைப் பொறுத்தவரை, எவ்வளவு நேரம் என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். தலையணைக்கு அடியில், மெத்தை மேல், போர்வைக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழி இல்லாமல் போகும். ஏதாவது தவறினால் பற்றிக்கொள்ளப் பஞ்சும் துணியும் பக்கத்திலேயே இருக்கும். கல் தரையோ வெற்று மேசையோ போதும்.

மின் மிதிவண்டி, ஸ்கூட்டர் பேக்குகளுக்கு இந்தச் சலுகையைத் தரமாட்டேன். ஒரு போன் பேட்டரியில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 15 வாட்-மணி. மிதிவண்டிப் பேக்கில் 500 வாட்-மணி சாதாரணம், அதாவது முப்பது போனுக்கும் மேல். அதை நீங்கள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள். வீட்டை விட்டு வெளியேறும் வழியில், வாசற்கதவை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே போடவே போடாதீர்கள். அங்கே தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தப்பிக்க வழி இருக்காது. நான் இங்கே எழுதியிருப்பதில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

வேறு சார்ஜரைப் பயன்படுத்தலாமா?

யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகும் போன், டேப்லெட், பவர் பேங்க் போன்றவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தரமானதாக இருந்தால். 65 வாட் சார்ஜரில் சாதாரண போனைச் செருகினால் போன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். பேட்டரிக்குள் எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்யும் சுற்று போனுக்குள்தான் இருக்கிறது. பெயர் தெரியாத மலிவான சார்ஜரில் இருக்கும் ஆபத்து வேறு: சுவரில் இருந்து வரும் மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருக்க வேண்டிய காப்பு அதில் மட்டமாக இருக்கும்.

உருண்டை முனை வைத்த சார்ஜர்கள் விஷயம் முற்றிலும் வேறு. 36 வோல்ட் மிதிவண்டிப் பேக்கில் 10 செல்கள் வரிசையாக இருக்கும். அதற்கு உரிய சார்ஜர் 42 வோல்ட் தரும். 48 வோல்ட் பேக்கில் பெரும்பாலும் 13 செல்கள். அதன் சார்ஜர் 54.6 வோல்ட். இரண்டுக்கும் முனை ஒரே மாதிரி இருந்தால், மாற்றிச் செருகுவது ரொம்ப எளிது. பெரியதைச் சிறியதில் செருகிவிட்டால் ஒவ்வொரு செல்லின் தலையிலும் 5 வோல்ட்டுக்கு மேல் விழும். அதைத் தடுக்க பி.எம்.எஸ். ஒன்றுதான் இருக்கும், அதுவும் மட்டமானதாக இருந்தால் தீதான். வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தால் சார்ஜர்களின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஈய-அமில பேட்டரி சார்ஜரை லித்தியம் பேக்கில் மாட்டவும் கூடாது. அவற்றில் சில, பழைய பேட்டரியைப் புதுப்பிக்க வோல்ட்டை ஏற்றி ஏற்றித் தட்டிப் பார்க்கும். லித்தியம் அதைத் தாங்காது.

சூடு, குளிர் இரண்டில் எது மோசம்?

சூடு ஆயுளைத் தின்னும். குளிரில் சார்ஜ் போடுவது பாதுகாப்பையே கெடுக்கும்.

சார்ஜ் போடுவதற்கு 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் நல்லது; பெரும்பாலான செல்களுக்கு 0 முதல் 45 டிகிரி வரை அனுமதி உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த போன் தொட முடியாத அளவுக்குச் சுட்டால், ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். அதைச் செய்யாதீர்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே என்ன ஆகிறது என்றால், லித்தியம் அயனிகளால் கிராஃபைட்டுக்குள் வேகமாக நுழைய முடியாது. வாசலிலேயே கூட்டமாக நின்று, கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படியத் தொடங்கும். யோஷினோ 1985-இல் வெளியே அனுப்பிய அதே லித்தியம் உலோகத்தை நாமே திரும்ப உள்ளே அழைத்ததாகிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பேட்டரி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் படிந்த உலோகத்தில் பெரும்பகுதி திரும்பிப் போகாது. அடுத்து ஒரு அடியோ வேக சார்ஜோ வந்தால் அந்த செல் எளிதில் தடுமாறும். குளிரில் பயன்படுத்துவது பரவாயில்லை, சார்ஜ் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். உறைபனியில் நின்ற மிதிவண்டியின் பேக்கை மட்டும் உள்ளே கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜரை மாட்டுங்கள்.

வேக சார்ஜ் கெடுதலா?

தயாரிப்பாளர் கொடுத்த வேகம் ஆபத்தானது இல்லை. சூடு அதிகமாகும், அதனால் தேய்மானமும் சற்று அதிகம். அவசரம் இல்லாதபோது மெதுவான சார்ஜரில் போடுவது நல்ல பழக்கம்.

முழுக்கச் செத்துப்போன பேட்டரியை உயிர்ப்பிக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி என்னைக் கவலைப்பட வைக்கின்றன. இன்னொரு பேட்டரியிலிருந்து இரண்டு கம்பியைக் கொண்டுவந்து செத்த செல்லில் ஒரு நிமிடம் தொடுங்கள், உயிர் வந்துவிடும் என்கிறார்கள். உயிர் வந்தது போலத்தான் தெரியும். பிரச்சினையே அதுதான்.

செல்லின் வோல்ட் 2-க்கும் கீழே போய் அப்படியே வாரக்கணக்கில் கிடந்தால், எதிர்முனையின் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். கரைந்த செம்பு திரவத்தில் கலந்திருக்கும். நீங்கள் மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அது வேறு வேறு இடங்களில் உலோகத் துணுக்குகளாகப் படியும். படலத்துக்குப் பக்கத்தில் படிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். இன்றைக்கே ஆக வேண்டும் என்று இல்லை. பத்தாவது சார்ஜில், இருபதாவது சார்ஜில் ஆகலாம். அதற்குள் நீங்கள் அதை நம்பத் தொடங்கியிருப்பீர்கள்.

நேற்றோ முந்தாநாளோ இறங்கியது, 2.5-க்கு மேல் இருக்கிறது என்றால் கதை வேறு. நல்ல சார்ஜர் அதைக் கண்டுகொண்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அளவு சிறு மின்னோட்டத்தை மட்டும் கொடுத்து, 3 வோல்ட் தாண்டிய பிறகே வழக்கமான சார்ஜுக்கு மாறும். பக்கத்தில் இருந்து பாருங்கள். சூடாகிறது என்றாலோ, முழுதாக ஏறிய பின் ஓரிரு நாளில் தானாகவே இறங்குகிறது என்றாலோ விட்டுவிடுங்கள்.

என்னிடம் ஒரு துளையிடும் கருவி இருந்தது. வேலை முடிந்த அன்று பேட்டரி காலி. அப்படியே பெட்டியில் வைத்து ஒரு வருடம் மறந்துவிட்டேன். மறுபடி எடுத்தபோது சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டியபடி ஏற்ற மறுத்துவிட்டது. ஏமாற்றமாக இருந்தது, ஆனால் சார்ஜர் செய்தது சரி.

சரி, நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் எப்படி வைப்பது?

பாதி சார்ஜ், குளிர்ந்த இடம், உலர்ந்த இடம். இந்த மூன்றில் முதலாவதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள்.

பாதி என்றால் 40 முதல் 60% வரை. மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, சாதாரண வகை செல் ஒன்றுக்கு 3.7 முதல் 3.85 வோல்ட். முழுதாக ஏற்றி வைத்தால் சும்மா இருக்கும்போதே கொள்ளளவு கரையும். காலியாக வைத்தால் தானாகக் கசியும் சார்ஜ் அதைச் செம்பு கரையும் பள்ளத்துக்குள் தள்ளிவிடும். சும்மா இருக்கும் லித்தியம் செல் மாதத்துக்கு ஓரிரு சதவீதம் இழக்கும். பாதுகாப்புச் சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் குடிக்கும். கருவிக்குள்ளேயே விட்டுவைத்தால் அந்தக் கருவியும் குடிக்கும். கழற்ற முடிந்தால் கழற்றி வையுங்கள்.

சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சாதாரண வகைகளில் ஒன்றான, கோபால்ட் கலந்த செல்லைப் பாதி சார்ஜில் 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்தால் இழப்பு சில சதவீதம்தான். அதே செல்லை முழு சார்ஜில் 40 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரும்ப வராமலே போய்விடும். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமலே இத்தனை இழப்பு! பேட்டரி சும்மா இருக்கும்போதும் அதன் உள்ளே வேதியியல் சும்மா இருப்பதில்லை. ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று முழுக்க ஏற்றிக் காருக்குள் போட்டுவைத்த பவர் பேங்க் அவசரத்துக்கு உதவாமல் போவது இதனால்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 20-30% பக்கம் வந்திருந்தால் திரும்பப் பாதிக்கு ஏற்றுங்கள். ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வழிதான், இடைவெளி மட்டும் அதிகம்: 50%-இல், அணைத்து, 32 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி 50%-க்குக் கொண்டுவருவது.

ஆயுளும் தீயும் ஒன்றாகச் சேரும் இடம் இது. சார்ஜ் குறைவாக இருக்கும் செல்லில் எரியக் கிடைக்கும் ஆற்றலும் குறைவு. தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயான் பேட்டரிகளைச் சரக்கு விமானத்தில் ஏற்றும்போது சார்ஜ் 30%-ஐத் தாண்டக் கூடாது என்று 2016 முதல் விதி இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

குளிர் நல்லது என்றால் ஃபிரிட்ஜ் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் வெளியே எடுக்கும்போது ஈரம் படியும். முழுக்க அறைச் சூட்டுக்கு வராமல் பயன்படுத்தினால் அந்த ஈரமே வம்பு. அலமாரியின் கீழ்த்தட்டு போதும் என்பது என் கருத்து. உறைபெட்டியில் எந்த நிலையிலும் வேண்டாம்.

உருளை வடிவத் தனி செல்களை வைத்திருக்கிறேன். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிறையவே. 18650 எனப்படும் உருளை செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. லேப்டாப் பேக், டார்ச், மிதிவண்டிப் பேக் எல்லாவற்றிலும் இருப்பது இதுவோ இதன் உறவினரோதான். தனியாக வரும் செல்களில் பலவற்றுக்குப் பாதுகாப்புச் சுற்று கிடையாது. மேலே சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குக் கீழே முழு உடம்புமே எதிர்முனை. நேர்முனையின் ஓரத்துக்கும் அதற்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர்தான். சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டால் அந்த இடைவெளியைச் சாவி நிரப்பிவிடும். பத்துக் கணக்கில் ஆம்பியர் பாயும். பிளாஸ்டிக் டப்பா இல்லாமல் எடுத்துச் செல்லாதீர்கள். உறை கிழிந்திருந்தால் புது உறை மாட்டுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே கருவியில் கலந்து போடாதீர்கள். பலவீனமானது முதலில் தீர்ந்துபோக, மற்றவை அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளி அதன் முனைகளையே தலைகீழாக்கிவிடும்.

பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜை இறக்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. உள்ளே இருந்த திரவம் சிதைந்து வாயுவாக மாறியிருக்கிறது. அந்த வாயு திரும்பத் திரவமாகாது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வாயு எரியக்கூடியது, ஊசி இரண்டு தகடுகளையும் இணைத்துவிடும், காற்றின் ஈரம் உள்ளே புகும். மூன்றும் ஒரே நொடியில் நடக்கும்.

செய்ய வேண்டியது: சார்ஜரிலிருந்து பிடுங்குங்கள், கருவியை அணையுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். கவர் நெம்பிக்கொண்டு நிற்கிறது என்பதற்காக அதை அமுக்கி மூடாதீர்கள். எளிதில் கழன்று வந்தால் கழற்றலாம். ஒட்டியிருந்தால் நெம்பாமல் கருவியோடு அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை மணல் போட்ட பழைய உலோக வாளியிலோ மண் தொட்டியிலோ, வீட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத இடத்தில் வையுங்கள். இறுக்கி மூட வேண்டாம்; வாயு வெளியேற வழி இருக்க வேண்டும்.

உப்பலைத் தவிர வேறு அறிகுறிகளும் உண்டு: இனிப்பாக, நெயில் பாலிஷ் கழுவும் திரவம் போல ஒரு வாடை, காரணம் இல்லாத சூடு, சீறும் சத்தம், ஏறிய சார்ஜ் ஒரே இரவில் காணாமல் போவது. சத்தமோ புகையோ வந்துவிட்டால் வாளியைத் தேட வேண்டாம். விலகிப் போங்கள்.

தூக்கி எறிவதற்கு முன் முழுக்க இறக்க வேண்டுமா? உப்புத் தண்ணீரில் போடச் சொல்கிறார்களே?

போன், லேப்டாப் போன்றவற்றுக்குக் கருவி தானாக அணையும் வரை பயன்படுத்தினாலே போதும். மீதி இருப்பது சொற்பம். சேகரிப்பு மையங்கள் பேட்டரியைச் சுழியத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதில்லை.

கருவி கெட்டுப்போய், நல்ல நிலையில் உள்ள ஒற்றை செல் மட்டும் கையில் இருக்கிறது என்றால் ஒரு மின்தடை மூலம் இறக்கலாம். கணக்கு எளிது. 10 ஓம் மின்தடையை 4.2 வோல்ட் செல்லில் இணைத்தால் 0.42 ஆம்பியர் போகும், 1.8 வாட் சூடாக வெளிவரும். எனவே 5 வாட் தாங்கும் மின்தடையாக எடுத்து, கல்லின் மேல் வைத்துச் செய்யுங்கள், தொட்டால் சுடும். 2500 மில்லி ஆம்பியர்-மணி செல் இறங்க ஏழு மணி நேரம் ஆகும். 12 வோல்ட் பேக் என்றால் காரின் பல்பு ஒன்றே போதும். வெளிச்சம் மங்குவது கண்ணுக்கே தெரியும். ஆனால் பல செல்கள் உள்ள பேக்கைப் பி.எம்.எஸ். துண்டிக்கும் இடத்துக்குக் கீழே வலுக்கட்டாயமாக இறக்காதீர்கள். மேலே சொன்ன முனை தலைகீழாகும் விபத்து அங்கேயும் நடக்கும். உப்பிய, அடிபட்ட பேட்டரியில் இந்த வேலையே வேண்டாம்.

உப்புத் தண்ணீர் முறை விமான மாதிரிகளைப் பறக்கவிடுபவர்களிடையே வெகுகாலமாகப் புழங்குகிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உப்பு நீரில் மின்சாரம் பாயும்போது முனைகள் அரித்துத் தின்னப்படும். முனை அறுந்துபோனால் இறங்குவது நின்றுவிடும். வெளியே செத்தது போல இருக்கும், உள்ளே பாதி சார்ஜ் அப்படியே இருக்கும். கூடவே ஹைட்ரஜனும் குளோரினும் கிளம்பும். மூடிய அறையில் இது இரண்டாவது ஆபத்து.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா? லித்தியம் தண்ணீரில் எரியுமே?

ஊற்றலாம், ஊற்ற வேண்டும். தண்ணீரில் சீறி எரிவது லித்தியம் உலோகம். நல்ல நிலையில் உள்ள இந்த பேட்டரியில் அது உலோகமாக இல்லை என்று மேலே பார்த்தோம். இந்தத் தீயின் குணம், ஒரு செல்லின் சூடு பக்கத்து செல்லைப் பற்றவைப்பது. அதை நிறுத்த வழி குளிர்விப்பதுதான். அதற்குத் தண்ணீரை மிஞ்சிய பொருள் இல்லை. முதலில் சுவர் மின்சாரத்தைத் துண்டியுங்கள், அப்புறம் தாராளமாக ஊற்றுங்கள். தூள் தெளிக்கும் தீயணைப்பான் சுடரை அடக்கும், சூட்டை எடுக்காது. சற்று நேரத்தில் மறுபடி பற்றும். ஐஸ் கட்டிகளைப் போட்டு மூடுவதும் தவறு, சூடு உள்ளேயே தங்கும்.

இது போன், லேப்டாப் அளவுக்குத்தான். மிதிவண்டி, ஸ்கூட்டர் பேக் என்றால் அணைக்க முயல வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய வாயு இருக்கும். ஒரு மூச்சுகூட இழுக்க வேண்டாம். அணைந்த பேக் மணிக்கணக்கு, ஏன் நாள்கணக்கு கழித்தும் திரும்பப் பற்றியதுண்டு. எனவே அதை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவராதீர்கள்.

என்னதான் கவனமாக இருந்தாலும் தீப்பிடிக்குமா?

அரிதாக, ஆம். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. காரணம், செல்களைத் தயாரித்ததிலேயே இருந்த குறை. வாங்கியவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அலட்சியம் செய்யாமல் கொடுத்துவிடுவது நல்லது.

தண்ணீரில் மூழ்கிய பேட்டரி காய்ந்த பிறகு சரியாகிவிடுமா?

நம்ப வேண்டாம், குறிப்பாகக் கடல் நீரோ வெள்ள நீரோ புகுந்திருந்தால். நீர் வற்றினாலும் உப்பு தங்கிவிடும். அது சுற்றுகளுக்கு நடுவே மெல்லிய பாலம் போட்டு, நாட்கள் கழித்துத் தீயை மூட்டலாம். 2022-இல் இயான் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் கடல் நீரில் மூழ்கிய மின்கார்கள் சில அப்படித்தான் பின்னர் எரிந்தன. நனைந்த பேக்கைச் சார்ஜ் போடாமல் வெளியே வையுங்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

தனி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டும். அடியில் ஏற்றும் பெட்டிக்குள் தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாது. கைப்பையில் என்றால் உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்ற முடியும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. கணக்கிட, மில்லி ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-மணி. பயணத்தின்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தில் இருக்கும் வட்டமான லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யலாமா?

கூடாது. சிஆர்2032 போன்றவை ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கானவை, உள்ளே லித்தியம் உலோகமே இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குழந்தை இதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயில் கடும் புண் உண்டாகும். அழுகிறதா, வலிக்கிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போட்டால் என்ன?

குப்பை வண்டி எல்லாவற்றையும் நசுக்கும். நசுங்கிய செல் காகிதக் குவியலுக்கு நடுவே பற்றிக்கொள்ளும். வண்டியில் இருப்பவர்களுக்கு எது எரிகிறது என்றே தெரியாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். ஒன்றிரண்டு சேரட்டும் என்று மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். உப்பியது, அடிபட்டது, நனைந்தது என்றால் முன்னதாகவே அழைத்து நிலைமையைச் சொல்லிவிட்டு, மணல் வாளியோடு கொண்டுபோங்கள். மற்ற பேட்டரிகளோடு ஒரே பெட்டியில் அதைப் போட அவர்கள் விடமாட்டார்கள்.